கேதாரமும் கங்கையும்: எழுபத்தொரு வயதான அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: மலையடிவாரம் (காத்ர் போர்ன், மொரீசியஸ்)

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் தந்தையார் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து கோர் தெ கார்ட் மலையிலுள்ள முருகன் கோவிலுக்குக் காவடி எடுப்பதையும், மகா சிவராத்திரிக்குக் கங்கா தலாவ் என்னும் புனித ஏரிக்கு நடந்தே போவதையும் கால்கள் தாங்கும்வரை அவர் விடவில்லை. 1972ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து அந்த ஏரியில் கலந்தபோது அவர் இளைஞராக இருந்தார். அந்த நீர் எந்த மலையிலிருந்து இறங்கி வருகிறதோ அந்த மலையை ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்காகவே ஒரு பித்தளைச் செம்பு வாங்கித் துணியில் சுற்றி வைத்திருந்தார். போக முடியாமலே போய்விட்டது.

இப்போது நானும் அம்மாவும் அந்தப் பயணத்தை மேற்கொள்ளலாம் என்று இருக்கிறோம். எனக்கு நாற்பத்தாறு வயது. அம்மாவுக்கு எழுபத்தொன்று. அவருக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. ஆனால் மனத்தில் தளர்ச்சி கிடையாது. தேவாரப் பாடல்கள் பலவற்றைப் பிரெஞ்சு எழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோவிலில் பாடுபவர். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். அந்தப் பாடல்களின் பொருளை நான் சொல்லக் கேட்கும்போது அவர் கண் கலங்குவார்.

இங்குள்ள ஒரு பயண ஏற்பாட்டாளர் இமயமலையில் உள்ள யமுனோத்திரி, கங்கோத்திரி, கேதாரம், பத்ரி ஆகிய நான்கு தலங்களையும் பத்து நாளில் முடித்துவிடலாம் என்கிறார். உறவினர் ஒருவர், போவதுதான் போகிறீர்கள், கயிலாயத்துக்கே போய்விடுங்கள் என்கிறார். மற்றொருவர், அம்மாவைக் கீழே ஏதாவது ஒரு விடுதியில் விட்டுவிட்டு நீ மட்டும் மேலே போய் வா என்கிறார். அப்பாவின் ஆசையை நிறைவேற்றப் போகும் பயணத்தில் அம்மாவைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போவது சரிதானா என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கங்கைக் கரையில் தந்தையாருக்குத் தர்ப்பணம் செய்ய விரும்புகிறேன். அங்குள்ள புரோகிதர் கோத்திரமும் பூர்விக ஊரும் கேட்பார் என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டும் மறந்துபோய் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. போய் வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

———

பதில் 1: கங்கைவழி நடந்தவள் (ரோஸ் ஹில், மொரீசியஸ்)

தம்பிக்கு வணக்கம். உங்கள் தந்தையாரின் ஆசையைப் படித்தபோது என் கணவரின் நினைவு வந்தது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் 2018ஆம் ஆண்டு ஒரு குழுவோடு போனேன். எங்களுக்கும் பத்து நாளில் நான்கு தலங்கள் என்றுதான் சொன்னார்கள். அதில் பெரும்பகுதியை வண்டிக்குள்ளேயே கழித்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்புவார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஏதோ ஓர் ஊரில் இறக்கிவிடுவார்கள். மறுநாள் அதே கதை. கங்கோத்திரியில் கோவிலுக்குள் நின்ற நேரத்தைவிட வண்டி நிறுத்தும் இடத்தில் மற்றவர்களுக்காகக் காத்திருந்த நேரமே அதிகம். குழுவில் மூவர் கேதாரம் ஏறாமலே திரும்பினார்கள். ஒருவருக்கு மூச்சுத் திணறலே வந்துவிட்டது. ஆகவே நான்கு தலங்கள் என்ற கணக்கை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். உங்கள் தந்தையார் விரும்பியது கங்கை புறப்படும் மலையைக் காண்பது. அந்த ஆற்றின் வழியாகவே போங்கள்.

கங்கைக்கு மேலே இரண்டு பெரிய கிளைகள் உண்டு. கங்கோத்திரிப் பக்கமிருந்து வருவது பாகீரதி. பத்ரிப் பக்கமிருந்து வருவது அலகநந்தா. கேதாரத்தின் மேலேயுள்ள பனிப்பாறையிலிருந்து புறப்படும் மந்தாகினி உருத்திரப்பிரயாகையில் அலகநந்தாவோடு சேர்கிறது. அலகநந்தாவும் பாகீரதியும் தேவப்பிரயாகையில் ஒன்றாகின்றன. அந்த இடத்திலிருந்துதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். அங்கே படித்துறையில் நின்று பார்த்தால் இரண்டு ஆறுகளும் இரண்டு நிறத்தில் வந்து கலப்பது தெளிவாகத் தெரியும். நான் போன பயணம் முழுவதிலும் மனம் நிறைந்து நின்ற இடம் அதுதான். ஆனால் எங்களுக்கு அங்கே கிடைத்தது இருபது நிமிடம். நீங்கள் ஒரு நாள் முழுவதும் இருங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு நிலைமை கடினமானது அன்று. கங்கோத்திரிக் கோவில் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஊர்வரை வண்டி போகிறது. அதன்பின் கடைத்தெரு வழியாகச் சிறிது தூரம் நடந்தால் போதும். பத்ரியும் அப்படித்தான். பாகீரதி பாறைகளுக்கிடையே பேரிரைச்சலோடு விழும் இடத்தை அம்மா கங்கோத்திரியில் தம் கண்ணாலேயே பார்க்கலாம். பனிப்பாறையிலிருந்து ஆறு வெளிப்படும் கோமுகம் அங்கிருந்து 18 கிலோமீட்டர் நடை. அதற்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டும் வேண்டும், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினரையே விடுவார்கள். அது அம்மாவுக்கு வேண்டாம். உங்களுக்கும் கட்டாயம் இல்லை.

இந்த வழியில் கேதாரத்துக்கு மட்டுமே நடந்து ஏறும் ஏற்றம் உண்டு. கௌரிகுண்டத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர். 2013ஆம் ஆண்டு ஜூன் மாதப் பெருவெள்ளத்தில் பழைய பாதையின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டதால் இப்போதைய பாதை முன்னைவிட நீளமானது. குதிரையும், ஆட்கள் சுமந்து செல்லும் டோலியும் கிடைக்கும். குதிரையில் ஆறு மணி நேரம் அமர்ந்து போவது முழங்கால் வலி உள்ளவருக்கு நடப்பதைவிடத் துன்பம் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஹெலிகாப்டரும் உண்டு, அதைப் பற்றி மருத்துவம் அறிந்தவர் யாராவது எழுதினால் நல்லது.

நீங்கள் மேலே ஏறும் இரண்டு நாளும் அம்மாவை விடுதியில் விடவேண்டாம். கேதாரத்துக்குக் கீழே உக்கிமடம் என்ற ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் கேதாரக் கோவிலை மூடியபின், கேதாரநாதரின் உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் கொண்டுவந்து ஆறு மாதம் வைத்துப் பூசை செய்வது அந்த ஊரில் உள்ள ஓங்காரேசுவரர் கோவிலில்தான். ஒவ்வோர் ஆண்டும் கேதாரக் கோவிலைத் திறக்கும் நாளை மகா சிவராத்திரியன்று அங்கேதான் குறித்து அறிவிக்கிறார்கள். நாம் இங்கே கங்கா தலாவுக்கு நடந்துகொண்டிருக்கும் அதே நாள் அது. அமைதியான சிற்றூர். எதிர்ப்பக்க மலையில் குப்தகாசி தெரியும். அம்மா அங்கே தம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கட்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் பாதிவரை மழை. மலைச்சரிவால் சாலைகள் நாள்கணக்கில் அடைபடும். மே மாதத்தில் கூட்டம் தாங்காது. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை வானம் தெளிந்திருக்கும். அது நமக்குப் புரட்டாசி. கோவிந்தன் விரதத்தில் நம் வீடுகளில் புலால் நீக்கியிருக்கும் காலம். நான் மறுபடி போவதானால் அந்த மாதத்தில்தான் போவேன். தீபாவளியை ஒட்டிக் கங்கோத்திரியும் கேதாரமும் மூடப்பட்டுவிடும் என்பதை மறக்கவேண்டாம். உத்தரகண்ட் அரசின் இணையதளத்தில் முன்பதிவு செய்யாமல் யாரையும் மேலே விடுவதில்லை. அதைக் கடவுச்சீட்டு விவரங்களோடு நீங்களே செய்துவிடுங்கள், மற்றவரிடம் விடவேண்டாம்.

———

பதில் 2: வெண்ணிற ஆடை (வாக்கோவா, மொரீசியஸ்)

நான் முப்பது ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மேலே அம்மையார் விட்டுவைத்த பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

நம் தீவின் மிக உயர்ந்த சிகரம் 828 மீட்டர்தான். நம்மில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் அதற்கும் கீழேயே வாழ்ந்தவர்கள். கேதாரக் கோவில் இருப்பது 3,583 மீட்டரில். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. உடல் அதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேலே விரைவாக ஏறியவருக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, பசியின்மை ஆகியவை வருகின்றன. அவற்றைப் பயணக் களைப்பு என்று எண்ணி மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். இது இளைஞருக்கும் வரும். நன்றாக நடப்பவர் என்பதால் வராமல் போகாது. ஆகவே தம்பி, அம்மாவுக்குச் சொல்வதை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஹெலிகாப்டரைப் பலர் முதியவர்களுக்கு ஏற்ற எளிய வழி என்று நினைக்கிறார்கள். உடலுக்கு அதுவே கடுமையான வழி. காலையில் தாழ்வான பள்ளத்தாக்கில் இருந்தவரைச் சில நிமிடங்களில் 3,500 மீட்டருக்குமேல் இறக்கிவிட்டால் உடலுக்குப் பழக நேரமே இல்லை. இரத்த அழுத்தம் உள்ள எழுபத்தொரு வயதினருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கங்கோத்திரிக்கு அம்மாவை அழைத்துச் செல்வதானால் ஒரே நாளில் ஏறவேண்டாம். உத்தரகாசியில் இரண்டு இரவு தங்குங்கள். அது 1,150 மீட்டர் அளவில் உள்ளது. அடுத்து ஹர்சிலில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு. அது 2,600 மீட்டர் அளவு. அங்கிருந்து பகலில் கங்கோத்திரி சென்று வழிபட்டுவிட்டு மறுபடி ஹர்சிலுக்கே இறங்கி உறங்குங்கள். உறங்கும் உயரத்தைப் படிப்படியாக ஏற்றுவதே முக்கியம். புறப்படும் முன் அம்மாவின் மருத்துவரிடம் இந்த உயரங்களை எண்ணோடு எழுதிக் காட்டுங்கள். மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. அது அம்மாவுக்குப் பொருந்துமா என்பதையும், இப்போது உட்கொள்ளும் மாத்திரையோடு சேருமா என்பதையும் அவரே முடிவு செய்யவேண்டும். மேலே போனபின் தலைவலியோடு வாந்தியும் வந்தால் கோவில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தாலும் இறங்கிவிடுங்கள். இறங்குவதுதான் மருந்து.

கயிலாயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மானசரோவர் ஏரியே 4,590 மீட்டரில் இருக்கிறது. மலையைச் சுற்றும் பாதை 52 கிலோமீட்டர். இடையில் கடக்கும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்குமேல். இந்திய அரசு நடத்தும் யாத்திரையில் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே இடம் உண்டு என்பதால் நாம் நேபாளம் போன்ற வேறு வழியாகக் குழுவாகச் சீன அனுமதி பெற்றுத்தான் போகவேண்டும். அம்மாவின் நிலையில் அதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

———

பதில் 3: கைலாசோன் தெரு (போர்ட் லூயிஸ், மொரீசியஸ்)

தம்பி, நான் மாறுபட்ட கருத்து உடையவன். மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் முன்னோர் 1834 முதல் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்தது முருகனையும் மாரியம்மனையும் திரௌபதியம்மனையும்தான். அவர்களில் யாரும் கேதாரத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். அவர்கள் நீராடியது காவிரியிலும் பாலாற்றிலும் தாமிரபரணியிலும். தைப்பூசத்துக்கு நாம் ஏறும் கோர் தெ கார்ட் மலை பழனியை நினைத்து ஏறுவது. அந்தப் பழனியைக் காணாமல், திருவண்ணாமலையை வலம் வராமல், எடுத்த எடுப்பில் பனிமலைக்குப் போவது ஏன்? பழனியில் 693 படி. ஏற முடியாதவர்களுக்கு இழுவை ரயிலும் கம்பி வண்டியும் உள்ளன. அம்மாவும் நீங்களும் ஒன்றாகவே மேலே போய் ஒன்றாகவே கீழே இறங்கலாம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வலப்பாதையை நடக்க முடியாவிட்டால் ஆட்டோவில் சுற்றி வரலாம். திருவையாற்றில் காவிரிப் படித்துறையில் இறங்கிக் குளிக்கலாம். அங்கே புரோகிதர் பேசுவது அம்மாவின் காதுக்குப் பழகிய தமிழாக இருக்கும்.

நான் பிறந்ததிலிருந்து கும்பிடும் எங்கள் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோவிலை ஊரார் கைலாசோன் என்றே அழைக்கிறார்கள். அங்கே நின்று கும்பிடும்போது கயிலாயம் எனக்குத் தூரத்தில் இருப்பதாகத் தோன்றியதே இல்லை. உங்கள் தந்தையார் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் ஒரு தமிழ்க் குடும்பம் முதலில் தன் மலையையும் தன் ஆற்றையும் காணவேண்டும் என்பதே என் எண்ணம்.

———

பதில் 4: பண்ணிசை மாணவன் (பியூ பாசென், மொரீசியஸ்)

நண்பருக்கும், மேலே எழுதிய பெரியோர்களுக்கும் வணக்கம்.

பெரியவர் சொன்னதில் பழனியையும் காவிரியையும் நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் பனிமலை தமிழருடையது அன்று என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. கேதாரம் தேவாரப் பாடல் பெற்ற தலம். வடநாட்டில் அத்தகைய தலங்கள் ஐந்து: திருப்பருப்பதம், இந்திரநீலப்பருப்பதம், அனேகதங்காவதம், திருக்கேதாரம், நொடித்தான்மலை. பெயர்களைக் கேட்டாலே பெரும்பாலும் மலைகள் என்பது விளங்கும். நொடித்தான்மலை என்பதுதான் கயிலாயம். ஆழ்வார்களும் பத்ரியைத் திருவதரி என்றும், தேவப்பிரயாகையைக் கண்டம் என்னும் கடிநகர் என்றும் பாடியிருக்கிறார்கள். ரோஸ் ஹில் அம்மையார் இருபது நிமிடம் நின்ற அந்தப் படித்துறை பெரியாழ்வார் பாடிய இடம். அம்மா அங்கே நின்று ஒரு பாசுரம் பாடினால் அந்நியமான ஊரில் பாடியதாகாது.

இதில் நம்மைப்போல் கடல் கடந்து வாழ்பவர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. திருஞானசம்பந்தர் கேதாரத்தைப் பாடியது கேதாரத்தில் நின்று அன்று. திருக்காளத்தி மலையில் நின்று வடதிசை நோக்கித் தொழுது பாடினார் என்பதே சேக்கிழார் தரும் வரலாறு. சுந்தரரும் அவ்வாறே காளத்தியிலிருந்து பாடினார். தொலைவில் நின்று நினைந்து தொழுவதைக் குறைந்த வழிபாடாக நம் மரபு என்றுமே கருதவில்லை. சிவராத்திரி இரவில் கங்கா தலாவின் கரையில் நின்று உங்கள் தந்தையார் கும்பிட்டதும் அந்த மரபில் அடங்கியதுதான்.

நடந்தே போனவர் அப்பர். முதுமையில் கயிலையைக் காண வேண்டும் என்று காளத்தி, திருப்பருப்பதம், காசி வழியாக வடக்கே நடந்தார். கால்கள் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், பிறகு புரண்டும் போனார். இறைவன் ஒரு முனிவராக வந்து, மானிட உடலோடு அங்கே போக முடியாது, திரும்பிவிடு என்றபோதும், அழியப்போகும் இந்த உடலோடு திரும்பமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லி ஆணை பிறந்தது. மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். அங்கே, காவிரிக் கரையில், கயிலைக் காட்சியைக் கண்டார். இன்றும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். மலையை நோக்கிப் புறப்பட்டவருக்கு மலை கிடைத்தது ஓர் ஆற்றங்கரையில். அம்மாவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமான விடையை நான் அறியேன்.

காசியிலும் இதேபோல் ஓர் இடம் இருக்கிறது. அதை நீங்கள் பயணத்தில் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காசியின் படித்துறைகளில் ஒன்று கேதார கட்டம். நம் ஊர்க் கோவில் மதில்போல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய படிகள். மேலே கேதாரேசுவரர் கோவில். காசிக் காண்டம் அதற்கு ஒரு கதை சொல்கிறது. வசிட்டர் என்னும் பெயருடைய அடியவர் ஒருவர் (முனிவர் வசிட்டர் வேறு) ஆண்டுதோறும் கேதாரம் சென்று வழிபடும் நியமம் பூண்டிருந்தார். உடல் தளர்ந்த முதுமையிலும், வழியில் இறந்தாலும் சரி என்று புறப்பட ஆயத்தமானார். இறைவன் அவர் கனவில் தோன்றி, நீ வரவேண்டாம், உனக்காக நான் காசிக்கு வருகிறேன் என்று சொல்லி அங்கேயே கேதாரேசுவரராக அமர்ந்தார். கேதாரத்தில் வழிபடும் பயன் அந்தச் சன்னிதியில் கிடைக்கும் என்று காசிவாசிகள் நம்புவது அதனால்தான். அந்தப் படித்துறையை ஒட்டியே, பதினேழாம் நூற்றாண்டில் திருவைகுண்டத்திலிருந்து சென்ற குமரகுருபரர் நிறுவிய மடம் உள்ளது. அந்தக் கோவிலின் பராமரிப்பும் மடத்தின் பொறுப்பில் இருப்பதால் தமிழ் வழங்கும் இடம் அது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் ஆற்றிலிருந்து படியேற வேண்டாம். சோனார்புரா பக்கத்துச் சந்து வழியாக வந்தால் கோவில் வாசலுக்கே வந்துவிடலாம்.

ரோஸ் ஹில் அம்மையார் எழுதியதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். கேதாரத்தின் காலடியில் ஓடும் மந்தாகினி உருத்திரப்பிரயாகையில் அலகநந்தாவோடும், தேவப்பிரயாகையில் பாகீரதியோடும் கலந்து, ஹரித்துவாரத்தில் சமவெளிக்கு இறங்கி, பிரயாகையை (அலகாபாத்) கடந்து, காசியில் கேதார கட்டத்தின் கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டு வடக்கு நோக்கி ஓடுகிறது. நீங்கள் மலையில் தொட்ட நீர் கீழே அம்மாவிடம் வந்து சேருகிறது. ஆகவே அம்மாவைப் பாதியில் விடுவதாக நினைக்கவே வேண்டியதில்லை.

கோத்திரத்தைப் பற்றி வருந்தவேண்டாம். கோத்திரம் அறியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் என்று சொல்லிச் சங்கற்பம் செய்வது பழைய வழக்கம். எந்தப் புரோகிதரும் மறுக்கமாட்டார். ஊரின் பெயரை ஒருவேளை நீங்களே கண்டுபிடிக்கலாம். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பதிவேடுகள் உள்ளன. கொள்ளுத் தாத்தாவின் பெயரோடு, குடியேற்ற எண்ணோ பிறப்பு அல்லது திருமணப் பதிவோ இருந்தால், எந்தக் கப்பலில், எந்த ஆண்டு, எந்த மாவட்டத்து எந்தக் கிராமத்திலிருந்து வந்தார் என்பது பல குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கிறது. புறப்படும் முன் ஒரு முறை போய்ப் பாருங்கள். கிடைத்தால் கங்கைக் கரையில் அந்த ஊரின் பெயரை உங்கள் வாயாலேயே சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. காசிக்குப் போகும் தமிழர் முதலில் இராமேசுவரத்தில் நீராடி, அந்தக் கடல் மணலை எடுத்துச் சென்று பிரயாகையில் கரைத்து, திரும்பும்போது கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்வார்கள். நாமும் கடற்கரையில் வாழ்பவர்கள். உங்கள் ஊர்க் கடலின் மணலில் ஒரு பிடி எடுத்துப் போய்க் கங்கையில் கரைத்துவிட்டு, உங்கள் தந்தையாரின் செம்பில் நீரை நிரப்பிக் கொண்டுவந்து கங்கா தலாவில் ஊற்றுங்கள். நூலில் உள்ள விதியாக இதைச் சொல்லவில்லை. என் ஆசையாகச் சொல்கிறேன்.

———

பதில் 5: கைலாசோன் தெரு (போர்ட் லூயிஸ், மொரீசியஸ்)

பண்ணிசை மாணவர் எழுதியதை இருமுறை படித்தேன். கேதாரம் பாடல் பெற்ற தலம் என்பது எனக்குத் தெரியாது, அறிந்துகொண்டேன், நன்றி. ஆயினும் தம்பி, திரும்பும் வழியில் சென்னைக்கு வந்து திருவையாற்றை மட்டுமாவது பார்த்துவிட்டு வாருங்கள். அப்பர் மூழ்கி எழுந்த அந்தக் குளத்தை அம்மா காணவேண்டும். மணலைப் பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. செம்பை விமானத்தில் கையில் எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். மூடியை ஈயம் வைத்து அடைத்துப் பெட்டிக்குள் வைத்து அனுப்பவேண்டும். ஹரித்துவாரத்திலும் காசியிலும் அடைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு.

———

மலையடிவாரம் (காத்ர் போர்ன், மொரீசியஸ்)

பெரியோர்கள் எல்லோருக்கும் என் பணிவான நன்றி.

நேற்று மாலை இவை அனைத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடினமான இடங்களை எங்கள் கிரியோல் மொழியில் விளக்கினேன். அப்பர் வரலாற்றைக் கேட்டபோது, திருவையாற்றுப் பதிகம் தம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். நாற்பது ஆண்டுகளாக அதைப் பாடிவருகிறார். அது அந்த நாளில் பாடிய பாட்டு என்பது அவருக்கும் தெரியாது, சொல்லிக் கொடுக்க எனக்கும் தோன்றியதில்லை. ஒரு தமிழாசிரியனாக அதற்காக வெட்கப்பட்டேன்.

நாங்கள் முடிவு செய்திருப்பது இதுதான். அடுத்த புரட்டாசியில் புறப்படுகிறோம். யமுனோத்திரியும் பத்ரியும் இந்தமுறை இல்லை. ஹரித்துவாரத்தில் இரண்டு நாள், உத்தரகாசியிலும் ஹர்சிலிலும் செவிலியர் அம்மையார் சொன்னபடி தங்கல், பகலில் கங்கோத்திரி. அங்கே செம்பை நிரப்புவது அம்மாவின் கையால். பிறகு தேவப்பிரயாகையில் ஒரு முழு நாள். அம்மா உக்கிமடத்தில் இருக்க, நான் கேதாரம் ஏறி இறங்குவேன். உடன் வர என் தங்கையும் சம்மதித்திருப்பதால் அம்மா தனியாக இருக்கமாட்டார். உக்கிமடம் ஏற்றம் இல்லாத ஊர் என்றால் அதுவே தமக்குக் கேதாரம் என்றார் அம்மா. அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. காசியில் ஐந்து நாள் தங்கி, தந்தையாருக்குத் தர்ப்பணம் செய்வதைக் கேதார கட்டத்தில் வைத்துக்கொள்வோம். திரும்பும் வழியில் சென்னை, திருவையாறு. பழனி அடுத்த முறை. போர்ட் லூயிஸ் பெரியவருக்கு அதை வாக்காகவே தருகிறேன்.

மோக்கா காப்பகத்துக்கு வரும் செவ்வாய்க்கிழமை போகிறேன். கொள்ளுத் தாத்தாவின் திருமணப் பதிவு ஒன்று வீட்டில் கிடைத்திருக்கிறது. அதில் ஓர் எண் எழுதியிருக்கிறது. மணலை மட்டும் கடைசி நாள் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். அம்மா இன்று காலையிலேயே ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரைக்குப் போய் ஒரு பிடி எடுத்துவந்து சாமி மாடத்தில் வைத்துவிட்டார்.

உக்கிமடத்தில் இரண்டு பெண்கள் மூன்று இரவு தங்குவதற்குப் படியேற்றம் இல்லாத, வெந்நீர் கிடைக்கும் இடம் யாருக்கேனும் தெரிந்திருந்தால் அன்புகூர்ந்து எழுதுங்கள்.